சயாம் லைன் எஞ்சின்கள்: போர்க்கால விமான சிமுலேட்டருக்காகத் தேடியபோது அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

பர்மா–சயாம் (சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர்) ரயில் பாதையை ஒரு விமான சிமுலேட்டருக்குள் கொண்டுவரும் வேலையில், நீராவி எஞ்சின்கள் என் தலையில் விழுந்தன. எங்கள் வரைபடம் 1943 அக்டோபரில் தொடங்கி 1945 ஜூனில் முடிகிறது. விளையாடுகிறவர் பியூஃபைட்டர், லிபரேட்டர் என்ற நேச நாட்டுப் போர் விமானங்களில் ஒன்றில் உட்கார்ந்திருப்பார். ரயில் கீழே ஓடும். "மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் கறுப்பு உருளைதானே, இதற்கு எதற்கு இத்தனை தேடல்?" என்பதுதான் முதலில் வந்த கேள்வி. அதற்கான பதில் கீழே துண்டு துண்டாகக் கிடக்கும்.

எந்தப் பாதையைப் பற்றிப் பேசுகிறோம்?

தாய்லாந்தின் நொங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, 415 கிலோமீட்டர். இதில் சுமார் 304 கிலோமீட்டர் தாய்லாந்துப் பக்கம், மீதி பர்மாப் பக்கம். ஜப்பான் ராணுவம் 1942இன் நடுவில் இரண்டு முனையிலிருந்தும் வேலையைத் தொடங்கியது. 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்த்தாவில் தண்டவாளங்கள் சந்தித்தன. நம் வீடுகளில் 'சயாம் மரண ரயில்' என்று சொல்வது இதைத்தான்.

கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம்) 1,000 மில்லிமீட்டர். அதாவது மீட்டர் கேஜ். இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் பாதித் தவறுகள் தானாக விலகும்.

அதில் ஓடிய முக்கியமான எஞ்சின் எது?

ஜப்பானின் சி56. ஜப்பானிய எண்முறையில் 'சி' என்றால் மூன்று இயக்கு அச்சுகள். அடுத்து வரும் எண் 10 முதல் 49 வரை என்றால், தண்ணீரையும் கரியையும் தன் மேலேயே சுமக்கும் டேங்க் எஞ்சின்; 50 முதல் என்றால், அவற்றைப் பின்னால் ஒரு தனி வண்டியில் (அதுதான் டெண்டர்) இழுத்துப் போகும் டெண்டர் எஞ்சின். சி12 என்ற சிறிய டேங்க் எஞ்சினுக்கு டெண்டர் கொடுத்து நீண்ட தூரம் ஓட வைத்ததுதான் சி56. 1935 முதல் 1939 வரை மொத்தம் 160 கட்டப்பட்டன. சக்கர அமைப்பு 2-6-0 (முன்னே 2 சிறு சக்கரம், நடுவே 6 இயக்கு சக்கரம், பின்னே ஒன்றுமில்லை), டெண்டரோடு நீளம் 14.3 மீட்டர், இயக்கு சக்கரத்தின் விட்டம் 1.4 மீட்டர், கொதிகலன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ.

ஜப்பானில் கிளைப் பாதைகளில் ஓடிய எளிய எஞ்சின் இது. காட்டுக்குள் அவசரமாகப் போட்ட மரப்பாலங்களில் கனமான எஞ்சினை ஏற்ற முடியாது. இதன் அச்சுச் சுமை (ஒரு அச்சு தண்டவாளத்தில் இறக்கும் எடை) சுமார் 10.6 டன்தான். ஆகவே 1 முதல் 90 வரை எண்ணுள்ள தொண்ணூறு எஞ்சின்களையும், 1,067 மில்லிமீட்டரிலிருந்து 1,000 மில்லிமீட்டருக்குச் சக்கரங்களை மாற்றி, தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் அனுப்பினார்கள்.

இந்த எஞ்சினை அடையாளம் காட்டுவது அதன் டெண்டர். மேல்பாதியில் இரண்டு பக்கமும் உள்ளே தள்ளி வெட்டியிருக்கும். கிளைப் பாதைக் கடைசியில் எஞ்சினைத் திருப்பும் வட்டமேடை இல்லாத ஊர்களில் டிரைவர் பின்னோக்கியே ஓட்ட வேண்டும். எட்டிப் பார்த்தால் தண்டவாளம் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த வெட்டு. பக்கச் சுவரை நேராக வைத்து மாடல் செய்தால், எஞ்சின்களைத் தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார்.

சில சி56 எஞ்சின்கள் இன்றும் இருக்கின்றனவே. படம் எடுத்து அப்படியே செய்தால் போதாதா?

போதாது. நான் அப்படித்தான் செய்து சூடுபட்டேன். காட்சிக்கு நிற்கும் ஒரு எஞ்சினின் படங்களை நாற்பது கோணத்தில் சேர்த்து, மூன்று வாரம் உட்கார்ந்து மாடல் முடித்தேன். எண் பலகையில் ஏழில் தொடங்கும் மூன்று இலக்க எண். அழகாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: 701 முதல் 746 வரையான எண்கள், போர் முடிந்தபின் தாய்லாந்து அரசு ரயில்வே தன்னிடம் மிஞ்சிய சி56களுக்குக் கொடுத்தவை. 1944இல் அந்த எண்ணோடு ஒரு எஞ்சின் ஓடவே இல்லை. எண் மட்டும் தவறென்றால் ஐந்து நிமிட வேலை. ஆனால் முன்விளக்கு, கொக்கி, கேபினின் பக்கத் தகடு எல்லாவற்றையும் அதே எஞ்சினிலிருந்துதான் எடுத்திருந்தேன். எது 1944, எது 1965 என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க இன்னொரு மாதம் போயிற்று.

மிஞ்சியிருப்பவற்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்று மூன்று எஞ்சின்களை வைத்துச் சொல்கிறேன்.

சி56 31: கொன்கொய்த்தா இணைப்பு விழாவில் நின்ற எஞ்சின். 1979இல் ஜப்பானுக்குத் திரும்பி, டோக்கியோவில் யாசுகுனி கோயிலின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உண்மையிலேயே அந்தப் பாதையில் ஓடியது. ஆனால் காட்சிக்காகப் புதுப்பித்தது. அளவுகளுக்கு நம்பலாம், பெயின்டுக்கும் மேல் பாகங்களுக்கும் தேதியிட்ட பழைய படத்தோடு ஒப்பிட்ட பிறகே நம்ப வேண்டும்.

சி56 44: இதுவும் தாய்லாந்து போய் 1979இல் திரும்பியது. ஜப்பானின் ஓய்கவா ரயில்வேக்குப் போனது. ஜப்பானிய வேடம், தாய்லாந்து வேடம், கடைசியில் குழந்தைகள் கதையில் வரும் ஒரு சிவப்பு எஞ்சினின் வேடம் வரை போட்டுவிட்டது. போர்க்காலத் தோற்றத்துக்கு இதைச் சாட்சிக்கு அழைப்பது பாவம்.

சி56 160: கியோட்டோவில் இருக்கிறது. எண்ணைப் பாருங்கள், 160. தொண்ணூறுக்கு மேல். ஜப்பானை விட்டு நகரவே இல்லை. ஆனாலும் நல்ல நிலையில் இருப்பதால் எல்லோரும் முதலில் எடுப்பது இதன் படங்களைத்தான்.

'கரி எஞ்சின்' என்கிறோமே, கரும்புகை விட வேண்டாமா?

நம் வாயில் 'கரி எஞ்சின்', 'கரி வண்டி' என்றே வந்து பழகிவிட்டது. சயாம் பாதையில் எரிந்தது விறகு. தாய்லாந்து ரயில்வே அதற்கு முன்பிருந்தே விறகு எரித்துப் பழகியது. ராணுவப் பாதையிலும் ஓரத்தில் விறகு வெட்டி அடுக்குவது, பாதை போடக் கொண்டுவந்த போர்க் கைதிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று.

இதனால் மாடலில் மூன்று மாற்றம். முதலாவது, டெண்டர். ஐந்து டன் கரிக்கான இடம் விறகுக்குப் போதாது. விறகு பருமன் அதிகம், சூடு குறைவு. பக்கச் சுவருக்கு மேலே கட்டைகள் அடுக்கியிருக்கும். மேலிருந்து பார்க்கும் விமானிக்குக் கண்ணில் படுவது கறுப்புக் கரிக்குவியல் இல்லை, பழுப்பு நிறக் கட்டைகளின் வரிசை. (நான் பாடுபட்டு வெட்டிய அந்த டெண்டர் ஓரமும் கட்டைகளுக்கு அடியில் போய்விட்டது. போகட்டும்.)

இரண்டாவது, புகை. காய்ந்த விறகின் புகை சாம்பல் வெள்ளை; மழைக்காலத்து ஈரக் கட்டை என்றால் தடித்த வெண்புகை. படங்களில் பார்த்துப் பழகிய கன்னங்கரிய தூண் இங்கே வராது.

மூன்றாவது, பொறி. விறகெரிக்கும் எஞ்சின் ஏற்றத்தில் இழுக்கும்போது புகைபோக்கியிலிருந்து நெருப்புப் பொறி கொட்டும். திறந்த பெட்டியில் போனவர்களின் துணியில் ஓட்டை விழுந்த கதைகள் கைதிகளின் குறிப்புகளில் வருகின்றன. விமானத் தாக்குதல் கூடக் கூட வண்டிகள் பகலில் ஒளிந்து இரவில் ஓடின. இருட்டில் ஓடும் வண்டியைக் காட்டிக்கொடுப்பது அந்தப் பொறிதான். எங்கள் விளையாட்டில் இரவுப் பணிகள் முழுக்க இதை நம்பியே இருக்கின்றன.

டி51 மாடல் எளிதாகக் கிடைக்கிறதே. ஜப்பானிய எஞ்சின்தானே?

வேண்டாம். டி51 கனமான சரக்கு எஞ்சின். சயாம் பக்கம் வரவில்லை.

பர்மாப் பக்கம்? நம் ஊர் மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.பி. எஞ்சினைப் போடலாமா?

ஆசையாகத்தான் இருக்கிறது. விழுப்புரம், திருச்சி, மதுரை என்று மீட்டர் கேஜில் போனவர்களுக்கு நீராவி எஞ்சின் என்றால் ஒய்.பி.தான். ஆனால் ஒய்.பி. வந்தது 1949க்குப் பிறகு. போர்க்காலத்தில் அந்தப் பெயரே கிடையாது.

அதற்கு முந்தைய தலைமுறையின் எழுத்துமுறையை நினைவில் வைத்தால் போதும். இந்திய ரயில்வே தர எஞ்சின்களில் எக்ஸ் என்றால் பிராட் கேஜ், ஒய் என்றால் மீட்டர் கேஜ், இசட் என்றால் குறுகிய பாதை. பர்மா ரயில்வேயும் இந்த வரிசையைத்தான் வாங்கியது: 4-6-2 சக்கர அமைப்பில் ஒய்.பி., ஒய்.சி.; 2-8-2வில் ஒய்.டி. ஆம், இங்கேயும் ஒரு ஒய்.பி. இருக்கிறது! ஆங்கிலத்தில் இரண்டும் வேறு எழுத்து. தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும். பர்மாவில் ஓடியது பம்பாய்க்கு வரும் எழுத்து, நாம் பார்த்தது பாண்டிச்சேரிக்கு வரும் எழுத்து. எங்கள் கோப்புப் பெயர்களிலேயே இந்தக் குழப்பம் வந்து, ஒரு வாரம் தவறான மாடல் வரைபடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

'மெக்கார்தர்' என்ற அமெரிக்க 2-8-2 பற்றியும் கேட்கிறார்கள். அது போரின் பிற்பகுதியில் இந்தியாவின் மீட்டர் கேஜுக்கு வந்தது. 1944 மார்ச்சில் அமெரிக்க ராணுவ ரயில்வே பொறுப்பேற்ற அஸ்ஸாம் பாதையில் அதை வைக்கலாம். ஜப்பானியர் கையிலிருந்த சயாம் பாதையில் வைக்கக் கூடாது. தாய்லாந்துக்கு அது போருக்குப் பின் போனது. இன்று தாய்லாந்தில் விசேஷ நாட்களில் ஓடும் 824, 850 எண் பசிபிக் (4-6-2) எஞ்சின்களும் அப்படியே, 1949–50இல் ஜப்பானில் கட்டியவை.

பாலங்கள் எஞ்சின் ஆராய்ச்சியில் சேருமா?

வண்டி எங்கே போக முடியும் என்பதைப் பாலம்தான் சொல்கிறது, ஆகவே சேரும்.

தமர்கானில் இருக்கும் 277ஆம் எண் பாலம் எல்லோருக்கும் தெரிந்தது; சினிமாவால் 'குவாய் ஆற்றுப் பாலம்' என்று பெயர் பெற்றது இதுதான். இன்றைய படத்தில் வளைந்த இரும்பு அடைப்புகளுக்கு (தூணுக்குத் தூண் நிற்கும் பாலத் துண்டுகளுக்கு) நடுவே இரண்டு மட்டும் நேர்க்கோட்டு வடிவில் இருக்கும். அந்த இரண்டும் குண்டுவீச்சில் விழுந்ததற்குப் பதிலாகப் போருக்குப் பின் ஜப்பானில் செய்து பொருத்தியவை. 1943, 44 காட்சியில் எல்லாமே வளைவாக இருக்க வேண்டும். அந்த வளைவு அடைப்புகள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. பக்கத்தில் ஒரு மரப்பாலமும் வேண்டும். இரும்புப் பாலத்துக்கு முன்பு அதில்தான் வண்டி போனது, அடிபட்டபோதும் அது கைகொடுத்தது.

பர்மாவில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். ஐராவதியின் குறுக்கே 1934இல் கட்டிய அவா பாலம், 1942 ஏப்ரல் கடைசியில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையால் தகர்க்கப்பட்டது. 1954 வரை உடைந்தே கிடந்தது. மோல்மேனுக்கும் மர்தபானுக்கும் நடுவே சால்வின் ஆற்றில் அன்று பாலமே கிடையாது, படகில் கடக்க வேண்டும். தன்பியூசயாட்டிலிருந்து ரங்கூனுக்கு ஒரே வண்டி நேராகப் போவது போல் ஒரு பணி எழுதி வைத்திருந்தோம். ஆற்றில் போய் முடிந்தது.

ஆவணங்களில் நேரமும் ஊர்ப் பெயரும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஏன்?

ஜப்பான் ராணுவம் எங்கே போனாலும் டோக்கியோ நேரத்தையே வைத்திருந்தது. தாய்லாந்து நேரத்தைவிட இரண்டு மணி முன்னால். ஜப்பானியக் குறிப்பில் "மாலை 7 மணிக்குப் புறப்பாடு" என்று இருந்தால் காஞ்சனபுரியில் வெயில் இன்னும் இருக்கும். சூரியன் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுக் காட்டும் சிமுலேட்டரில் இந்த இரண்டு மணி நேரம் பகலை இரவாக்கிவிடும். ஆண்டும் அப்படி: ஷோவா 18 என்றால் 1943, அதையே 2603 என்று எழுதியிருந்தாலும் பதறாதீர்கள், அது அவர்களின் பேரரசு ஆண்டு.

பெயர்களைக் கைதிகள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். வாங் போ, வாம்போ ஆயிற்று. தா மகாம், தமர்கான் ஆயிற்று. தேடும்போது எல்லா வடிவத்தையும் போட்டுப் பாருங்கள். 'குவாய்' ஆறும் சிக்கல்தான். 277ஆம் பாலம் நிற்கும் ஆற்றுக்கு அன்று மே குளோங் என்று பெயர். உலகப் புகழுக்கு ஏற்ப ஆற்றின் பெயரைப் பின்னாளில் மாற்றிக்கொண்டார்கள்.

எங்கே தேடலாம்?

லண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' வரிசை: ஸ்குவாட்ரன்களின் (பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவுகளின்) அன்றாடப் பதிவேடு. 177, 211 ஸ்குவாட்ரன்களின் பியூஃபைட்டர்கள் எந்தத் தேதி எந்த இடத்தில் எஞ்சினைச் சுட்டன என்பது அதில் வரும். கான்பெராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் பாதையின் படங்கள், ஓவியங்கள். ஜப்பானிய ஆவணங்களுக்கு அவர்களின் ஆசிய வரலாற்று ஆவண மையத்தின் இணையத் தொகுப்பு. காஞ்சனபுரியில் போர்க் கல்லறைக்குப் பக்கத்திலேயே தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் இருக்கிறது. நேரில் போக முடிந்தால் அங்கே ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழக்கம் மட்டும் வேண்டும். படத்தைச் சேமிக்கும்போதே கோப்புப் பெயரில் முதலில் ஆண்டைப் போடுங்கள். ஆண்டு தெரியாத படத்துக்குத் தனி அடுக்கு. அந்த அடுக்கிலிருந்து எதையும் மாடலுக்கு எடுக்காதீர்கள், எவ்வளவு தெளிவான படமாக இருந்தாலும்.

விமானத்திலிருந்து எவ்வளவு தெரியும்? இத்தனை நுணுக்கம் வீண் இல்லையா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,920 புள்ளி அகலத் திரை, 90 டிகிரி பார்வை. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பக்கவாட்டில் நிற்கும் 14.3 மீட்டர் எஞ்சின் திரையில் சுமார் 14 புள்ளிதான். 300 மீட்டரில் 46 புள்ளி. மணிக்கு 400 கிலோமீட்டரில் பாய்ந்தால் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒன்பது விநாடி.

ஆக, ஆணி, போல்ட் எதுவும் தெரியாது. தெரிவது மொத்த வடிவம், நீளம், டெண்டரின் மேற்பரப்பு, புகையின் நிறம், வண்டியின் வேகம். எண் பலகைக்கு அரை நாளும் புகைக்கு ஒரு வாரமும் கொடுப்பது சரியான விகிதம். நான் தலைகீழாகச் செய்தேன்.

சுட்டால் எஞ்சின் வெடிக்குமா?

ஆரஞ்சு நிறத் தீப்பந்தாக வெடிக்காது. உள்ளே பெட்ரோல் இல்லை, தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் 14 கிலோ அழுத்தத்தில் கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் இருக்கும். 20 மில்லிமீட்டர் குண்டு கொதிகலனைத் துளைத்தால், அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் அப்படியே ஆவியாகிப் பீறிடும். பக்கவாட்டில் வெள்ளை ஆவி நீண்ட கம்பிபோல் சீறி, பல நிமிடம் அடங்காமல் இருக்கும். வண்டி உடனே நிற்காது. மெல்ல மெல்ல இழுவை போகும். பியூஃபைட்டரில் அப்படி நான்கு பீரங்கிகள் இருந்தன.

விமானிகள் ஆவியைப் பார்த்து 'அடிபட்டது' என்று எழுதினார்கள். ஓட்டையை அடைத்து, குழாயை மாற்றி, அதே எஞ்சினை மறுபடி ஓட்டவும் முடியும். ஆகவே எங்கள் விளையாட்டில் சேதம் இரண்டு படி: ஆவி பீறினால் சில நாளில் திரும்பி வரும், தடம்புரண்டு சரிந்தால்தான் கணக்கிலிருந்து போகும்.

ஒலி?

ஜப்பானில் இன்றும் உயிரோடு இருக்கும் சி56களின் ஒலிப்பதிவுகள் உதவும். இரண்டு சிலிண்டர் எஞ்சின், ஒரு சுற்றுக்கு நான்கு 'குப்'. சக்கரச் சுற்றளவு 4.4 மீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டரில் விநாடிக்கு ஆறு 'குப்'புக்குச் சற்று மேல். புகைச் சுருளையும் அதே தாளத்தில் விட்டால் கண்ணுக்கும் காதுக்கும் ஒட்டும். பறக்கும்போது விமான எஞ்சின் சத்தத்தில் இது ஒன்றும் கேட்காது என்பது வேறு விஷயம்.

வண்டிக்குள் யார் இருந்தார்கள் என்பதைக் காட்டுகிறீர்களா?

இதற்குத்தான் எங்களுக்குள் அதிக விவாதம். சிங்கப்பூரிலிருந்து கைதிகளையும், மலாயாத் தோட்டங்களிலிருந்து தொழிலாளர்களையும், மூடிய இரும்புக் கூட்ஸ் பெட்டிகளில் முப்பது பேர் அளவில் அடைத்து, நான்கைந்து நாள் பயணத்தில் தாய்லாந்தின் பான் பொங்குக்குக் கொண்டுவந்தார்கள். கைதிகள் 60,000க்கு மேல். இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது, கல்லறை இருக்கிறது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் இல்லை.

நேச நாட்டுக் குண்டுகளும் இவர்கள் மேல் விழுந்தன. 1943 ஜூனில் தன்பியூசயாட் முகாமில் விழுந்தது. 1944 செப்டம்பரில் நொங் பிளாடுக்கில் ஒரே இரவில் கிட்டத்தட்ட நூறு கைதிகள் இறந்தார்கள். முகாம் ரயில் யார்டை ஒட்டியே இருந்தது.

பெட்டிக்குள் ஆட்களை வரைந்து சுட வைப்பதில் எங்களில் யாருக்கும் விருப்பம் இல்லை. பெட்டியை வெறும் டப்பாவாக விடவும் மனம் வரவில்லை. ஆகவே தெற்கு நோக்கித் திரும்பும் சில வண்டிகளில் கதவைத் திறந்தே வைத்தோம். நோயாளிகளை ஏற்றிய வண்டிகள் அவை. தாழப் பறந்தால் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் தெரிவார்கள். உயரத்திலிருந்து அது மற்ற கூட்ஸ் வண்டியைப் போலவே இருக்கும். சுடாமல் திரும்பினாலும் பணி முடிந்ததாகவே பதிவாகும்.